எந்த ஊர்ப் பிள்ளை? தீவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களும் பொறியியல் படிப்பின் செலவும்

போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் போகும் சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சிப்பிகாட். வேளாண் பண்ணைக்கும் தென்னை மரபுவள மையத்துக்கும் பெயர்பெற்ற ஊர். 2004 ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட்டைச் சுற்றியிருந்த வயல்களில் கடல்நீர் புகுந்து அப்படியே தங்கிவிட்டது. நெல் விளைந்த இடங்கள் உப்பளம்போல நீர் தேங்கிக் கிடப்பதை இப்போதும் பார்க்கலாம். விவசாயம் சுருங்கிய பின்பும் இப்பகுதிக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. கட்டட வேலை, கடை வேலை, மீன் தொழில், வண்டி ஓட்டுதல் என்று தென்தமிழகத்திலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ்.

இந்தக் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான்: மெயின்லேண்டில் எந்த இன்ஜினியரிங் காலேஜ் மலிவு? ஊரில் இருக்கும் உறவினரிடம் கேட்பார்கள், தேர்வு முடிந்த கையோடு வந்து இறங்கும் தரகரிடம் கேட்பார்கள். பதிலாகக் கல்லூரிப் பெயர்களும் ஒரு தொகையும் கிடைக்கும். ஆனால் ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைப் படிக்கும் மூன்று மாணவர்கள் இந்த நாட்டில் மூன்று வேறு கட்டணம் கட்டுகிறார்கள். ஒருவருக்கு அரசே முழுவதையும் கட்டுகிறது. இன்னொருவர் கவுன்சலிங் கட்டணம் கட்டுகிறார். மூன்றாமவர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தவர். இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பதில் மதிப்பெண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் புதிதாகக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு, பிள்ளை எந்த வகுப்பை எந்த ஊரில் படித்தது, கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பதற்கு இருக்கிறது. மலிவான கல்லூரியைத் தேடும் வேலை எட்டாம் வகுப்பிலேயே தொடங்குகிறது என்பதே என் முடிவு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு தேடத் தொடங்கும் குடும்பம், எட்டிய பல வாய்ப்புகளைத் தெரியாமலேயே இழந்துவிட்டிருக்கும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்த கொத்தனார். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம். மகள் எட்டாம் வகுப்பு வரை ஊரில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குத் தீவில் சேர்ந்தாள். மகன் ஐந்தாம் வகுப்பிலேயே இங்கு வந்துவிட்டான்.

மகள் ஊரிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியவற்றை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏற்கிறது. இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற நிபந்தனையோடு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. உயர்கல்வி படிக்கும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. எட்டாம் வகுப்போடு கப்பல் ஏறிய இந்தப் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் அரசுப் பள்ளியில் படித்திருந்தும், அந்த மூன்று ஆண்டுகள் கணக்கிலேயே வராது.

நான்கு ஆண்டு முழுச் செலவையும் அரசு ஏற்றிருக்கக்கூடிய ஒரு பெண், சொந்தக் காசில் கட்ட வேண்டிய நிலைக்கு வருகிறாள். அப்பா கூடுதல் கூலிக்காகத் தீவுக்கு வந்தார். அந்தக் கூடுதலில் எவ்வளவு இந்த இழப்பில் கரைகிறது என்பதை யாரும் அவருக்குக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. சில குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகின்றன. அப்படிச் செய் என்று என்னால் சொல்ல முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை பெற்றோரைப் பிரிந்து வளர்வதற்கும் ஒரு விலை உண்டு, அது எந்த ரசீதிலும் வராது. ஆனால் முடிவெடுப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, தீவுக்கு வந்தாயிற்று. இனி அந்தப் பெண்ணுக்கு என்னென்ன வழிகள்?

தமிழ்நாட்டுக் கவுன்சலிங் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர், தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்பதற்கு வருவாய்த் துறையின் இருப்பிடச் சான்றிதழைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம். பேச்சு வழக்கில் இதை 'நேட்டிவிட்டி' என்பார்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழும் கூட இருந்தால் இட ஒதுக்கீட்டிலும் போட்டியிடலாம். நுழைவுத் தேர்வை அந்த மாநிலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே நீக்கிவிட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். தீவுகளின் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பதால் மதிப்பெண்ணை மாநிலப் பாடத்திட்டத்தோடு சமன்செய்யும் முறையும் உண்டு.

சிக்கல் சான்றிதழில்தான். குடும்பம் தீவுக்கு வந்து சில ஆண்டுகளில் ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் தீவு முகவரிக்கு மாறிவிடும். மாற்றுவது சரியானதுதான், அவசியமும்கூட. ஆனால் பிறகு ஊர் தாசில்தார் அலுவலகத்தில் இருப்பிடச் சான்று கேட்டால், "இங்கே குடியிருப்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வருகிறது. கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய இருப்பது சில வாரங்கள்தான். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று விண்ணப்பம் நகர்வதற்குள் தேதி முடிந்துவிடும். இ-சேவை வழியாக விண்ணப்பிக்க முடிந்தாலும், விசாரணைக்கு ஆள் ஊரில் இருக்க வேண்டியிருக்கும். எனவே ஊரை விட்டுக் கிளம்பும் முன்போ, பிள்ளை எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் சமயத்திலோ இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்குத் தேவையான மூல ஆவணங்களை எடுத்துவைத்துவிட வேண்டும். பெற்றோரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று, பழைய ரேஷன் கார்டின் நகல், வீட்டு வரி ரசீது என எதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், பெறாததற்கு 50,000. அதே கல்லூரியின் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 87,000, 85,000. வரம்புகள் மாறக்கூடியவை, சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கில் நான்கு ஆண்டுக்குக் கவுன்சலிங் இடத்தில் 2,20,000, மேனேஜ்மென்ட் இடத்தில் 3,48,000. இருப்பிடச் சான்று என்ற ஒற்றைத் தாள் இல்லாததால் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குத் தள்ளப்படும் குடும்பம் இழக்கும் தொகை, ரசீது கொடுத்து வாங்கும் கட்டணத்தில் மட்டும் 1,28,000 ரூபாய். அண்ணா பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசு கல்லூரிகளிலும் கட்டணம் இதைவிட வெகு குறைவு. கோவை ஜி.சி.டி., காரைக்குடி அழகப்ப செட்டியார் கல்லூரி, சேலம், திருநெல்வேலி, பர்கூர், வேலூர், போடிநாயக்கனூர் என்று அரசுப் பொறியியல் கல்லூரிகள் மாநிலம் முழுவதும் இருக்கின்றன. தென்மாவட்டத்துக் குடும்பத்துக்குக் காரைக்குடியும் திருநெல்வேலியும் உறவினர் வீட்டுக்குப் பக்கமாகவே அமையலாம். நல்ல கட்-ஆஃப் எடுத்த பிள்ளை, ஆசைப்பட்ட பாடப்பிரிவு கிடைக்கவில்லை என்று அரசு கல்லூரியை விட்டுத் தனியார் கல்லூரிக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். பணம் இல்லாத வீட்டில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை.

தீவில் அதிகம் பேசப்படாத வழி ஒன்று இருக்கிறது, என் கணிப்பில் அதுவே சிறந்தது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள், அதாவது என்.ஐ.டி.க்கள், பாதி இடங்களைச் சொந்த மாநிலத்தாருக்கு ஒதுக்குகின்றன. அவற்றுக்கான கலந்தாய்வில் சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரை வைத்து முடிவாவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முதன்முதலில் எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றாரோ அதுவே அவருடைய மாநிலம். தீவில் பன்னிரண்டு முடித்த நம் கொத்தனாரின் மகள் அங்கே அந்தமான் மாணவி. அந்தமான் மாணவர்களுக்குச் சொந்த மாநில ஒதுக்கீடு தரும் கழகம் காரைக்காலில் இருக்கும் புதுச்சேரி என்.ஐ.டி. 2010-இல் தொடங்கப்பட்டது, தமிழ் பேசும் ஊரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறை வாழ்ந்த குடும்பமாக இருந்தாலும் இந்தப் பெண்ணுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் வெளிமாநில இடம்தான். ஆனால் காரைக்காலில் சொந்த இடம். குடிபெயர்வு ஒரு கதவை மூடியதுபோல இன்னொன்றைத் திறந்தும் வைத்திருக்கிறது.

என்.ஐ.டி. கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 என்று கேட்டதும் பெரும்பாலோர் பின்வாங்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமலேயே முழுத் தள்ளுபடி. இரண்டரை லட்சம் சம்பாதிக்கும் கொத்தனார் கட்ட வேண்டியது ஆண்டுக்கு ஏறத்தாழ 41,700 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 1,67,000. தனியார் கல்லூரியின் கவுன்சலிங் இடத்தைவிடக் குறைவு. ஐ.ஐ.டி.யிலும் இதே சலுகைதான். அங்கே ஆண்டுக் கட்டணம் இரண்டு லட்சம், தள்ளுபடிக்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஏறத்தாழ 66,700. விளம்பரத்தில் இருக்கும் தொகை அதிகம் என்பதால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது, இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய வீணடிப்பு.

என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. மெயின் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 2021 முதல் அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தீவில் பயிற்சி மையங்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் வந்த பிறகு, இணையத்தில் பாடம் பார்ப்பது முன்போலத் துன்பம் தருவதாக இல்லை. பதினொன்றாம் வகுப்பில் தொடங்கினால் போதும், பெரிய தரவரிசை தேவையில்லாமல் சொந்த மாநில ஒதுக்கீட்டுக்குள் முயன்று பார்க்கலாம்.

சாதிச் சான்றிதழைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குடிபெயர்ந்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அந்தமான் நிக்கோபாருக்கென்று பட்டியல் சாதிகளே அறிவிக்கப்படவில்லை. தீவில் இதர பிற்படுத்தப்பட்டோர் என்று அறிவிக்கப்பட்டிருப்பதும் 1942-க்கு முன்பே இங்கு குடியிருந்தவர்களின் வழிவந்தோர், அரசால் குடியேற்றப்பட்டோர் போன்ற தீவுக்குரிய பிரிவுகளைத்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாகவோ மிகவும் பிற்படுத்தப்பட்டோராகவோ இருக்கும் குடும்பம், தீவு நிர்வாகத்தின் இடங்களைக் கேட்கும்போது பொதுப் பிரிவினரோடுதான் நிற்க நேரிடும். இது தீவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் மாணவர் மராட்டியத்தில் பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்ட வழக்கில், ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு நிறுவனங்களின் நிலைமை வேறு. அங்கே தந்தையின் சொந்த மாநிலச் சான்று செல்லும். அதனால் தமிழ்நாட்டுத் தாசில்தாரிடம், மத்திய அரசு வடிவத்தில் சாதிச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பது என்.ஐ.டி.க்கும் ஐ.ஐ.டி.க்கும் உயிர்நாடி. இதர பிற்படுத்தப்பட்டோர் என்றால் வளமான பிரிவினர் அல்லர் என்ற சான்று அந்தந்த நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும். மாநில வடிவச் சான்றைக் கொண்டுபோய் இடம் இழந்தவர்கள் ஏராளம்.

தீவை விட்டே போகாமல் படிக்க வழி இல்லையா? இருக்கிறது. போர்ட் பிளேயர் பஹார்கானில் உள்ள டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் 1984-இல் பாலிடெக்னிக்காகத் தொடங்கி, பின்பு புதுச்சேரிப் பல்கலைக்கழக இணைப்போடு பி.டெக். படிப்பும் நடத்தும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. சிப்பிகாட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். விடுதிச் செலவும் கப்பல் செலவும் இல்லை. வீட்டுச் சாப்பாடு உண்டு. பெண் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பத் தயங்கும் வீடுகளில் அவள் படிப்பதா நிற்பதா என்பதையே இந்தக் கல்லூரி தீர்மானிக்கிறது. குறை என்று பார்த்தால், தீவில் பெரிய தொழிற்சாலைகள் இல்லாததால் பயிற்சிக்கும் வேலை முகாமுக்கும் வாய்ப்புகள் குறைவு, பாடப்பிரிவுகளும் சிலதான். பொதுப்பணித் துறை, மின்துறை, துறைமுகப் பணிகள் ஆகியவற்றைக் குறிவைக்கும் சிவில், மின்னியல் மாணவருக்கு இந்தக் குறை அவ்வளவு உறைக்காது.

மதிப்பெண் சற்றுக் குறைந்த பிள்ளைக்கு நான் சொல்வது டிப்ளமோ. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று ஆண்டு, அரசு பாலிடெக்னிக் கட்டணம், பின்பு லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. நான்கு ஆண்டு செலவு மூன்றாகக் குறைகிறது. இடையில் பணம் நின்றுபோனாலும் கையில் ஒரு தகுதி இருக்கும், வேலைக்குப் போய் மீண்டும் தொடரலாம். குடிபெயர்ந்த வீட்டின் வருமானம் எந்த மாதமும் உறுதி இல்லாதது. அந்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு பெரிது. டிப்ளமோவைத் தோற்றவர்களின் படிப்பாகப் பார்க்கும் மனப்பான்மைதான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது.

தொழில்நுட்பக் கல்வி வசதி குறைந்த மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மத்திய அரசு மெயின்லேண்ட் கல்லூரிகளில் இடம் ஒதுக்கித் தருவதும் உண்டு. தீவு நிர்வாகத்தின் கல்வித் துறை அவற்றுக்கு மாணவர்களைப் பரிந்துரைக்கிறது. இங்கேதான் தீவில் எத்தனை ஆண்டு படித்தார், பெற்றோர் எத்தனை ஆண்டு குடியிருந்தனர் என்ற கேள்வி வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் வந்த மகளைவிட, ஐந்தாம் வகுப்பில் வந்த மகனின் கை இதில் ஓங்கியிருக்கும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு தகுதி. அதனால் மகளுக்குச் சரியாக இருந்த வழியையே மகனுக்கும் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஒரே சேர்க்கையில் இரண்டு இடங்களின் உள்ளூர்ச் சலுகையையும் உரிமை கோரி உறுதிமொழி கொடுத்துவிடவும் கூடாது. அது இடத்தையும் பறிக்கும், வழக்கையும் கொண்டுவரும்.

கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவுகள் தீவுப் பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கனமானவை. போர்ட் பிளேயரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் ஆகும், மாதத்துக்குச் சில பயணங்கள்தான். விடுமுறைத் தேதியும் கப்பல் தேதியும் ஒத்துவராது. கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கியதும் சில நாட்களுக்குள் கட்டணம் கட்டிக் கல்லூரியில் சேர வேண்டும் என்பதால் முதல் பயணம் பெரும்பாலும் விமானத்தில்தான். இந்தத் தொகையை ஜூன், ஜூலை மாதங்களுக்கென்று தனியாக ஒதுக்கிவைக்காத குடும்பங்கள் கந்துவட்டிக்கு ஓடுகின்றன. சேர்ந்த பிறகு விடுதி, பேருந்து, சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி, புத்தகம் என்ற பெயர்களில் வரும் தொகை சில கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தையே மிஞ்சுகிறது. சேரும் முன் நான்கு ஆண்டுக்கும் என்னென்ன தலைப்பில் எவ்வளவு என்று கல்லூரியின் தலைப்புத்தாளில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

உதவித்தொகைகளில் பெண் பிள்ளைகளுக்கான பிரகதி திட்டம் முக்கியமானது. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற கல்லூரியில் முதலாண்டு சேரும், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்கு மிகாத மாணவிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. 55,000 கட்டும் கல்லூரியில் இது கிடைத்தால் கல்விக் கட்டணம் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்தது. அதே எட்டு லட்ச வரம்புக்குள் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஐந்து சதவீதக் கூடுதல் இடங்கள் கல்விக் கட்டணமில்லா இடங்களாக உண்டு. கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில் தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் படிக்கப் பிணையில்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பு படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் சலுகைக் காலத்துக்கும் வட்டி முழுவதையும் அரசு ஏற்கிறது. புதிதாகக் குடிபெயர்ந்தவர்களுக்கு உள்ளூரில் ஜாமீன் போட ஆள் இருக்காது. அந்தத் தடையை இது விலக்குகிறது.

மலிவு என்று சொல்லிச் சேர்த்துவிடும் கல்லூரிகளின் தரம் பற்றியும் பேச வேண்டும். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததை வெளிக்கொண்டுவந்தது. ஆசிரியர் இல்லாத கல்லூரியில் 50,000 கட்டினாலும் அது விலை அதிகம்தான். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரி வாரியான தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். விளம்பரத் தட்டிகளில் இருக்கும் நிறுவன விருதுகளை விட்டுவிட்டு, நீங்கள் சேரப் போகும் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. தர அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் இரண்டு மாணவர்களோடு தொலைபேசியில் பேசுங்கள். நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது தராமல் கேட்கும் எந்தத் தொகையும் அந்த வகைதான். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்றும், சேர்க்கைக் காலத்துக்குள் விலகினால் சிறு கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கடல் தாண்டி வந்த பெற்றோர் திரும்ப வந்து சண்டை போட மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் சிலர் இதை மீறுகிறார்கள்.

வாழ்ந்த இடத்தை வைத்துக் கட்டணமும் இடமும் மாறும் சிக்கல் உலகெங்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணம் வேண்டுமென்றால் பொதுவாகப் படிப்பு தொடங்கும் முன் மூன்று ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கனடாவில் நிரந்தர வசிப்புரிமையோ அகதிப் பாதுகாப்போ கிடைத்த ஈழத் தமிழ்ப் பிள்ளை உள்நாட்டுக் கட்டணம் கட்டுகிறது. மாணவர் விசாவில் வந்த பிள்ளை அதைப்போலப் பல மடங்கு கட்டுகிறது. கலிபோர்னியா 2001-இல் இயற்றிய சட்டம் நமக்குப் பாடம். அங்கே மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேர்ச்சி பெற்றவர், குடியேற்ற ஆவணம் எப்படி இருந்தாலும், உள்ளூர்க் கட்டணத்துக்கு உரியவர். இலங்கையில் பல்கலைக்கழகக் கல்விக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இடங்களில் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில் என்பதால் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதே பல பிள்ளைகளின் விதியை எழுதுகிறது.

நமக்கு மிக அருகில் இருக்கும் கடினமான நிலை, தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத் தமிழர் பிள்ளைகளுடையது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில், முகாம் மாணவர்களில் சிறந்த மதிப்பெண் பெறும் 50 பேரின் பொறியியல் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்பதாகச் சொன்னது. நல்ல அறிவிப்பு. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் வழியில்லை. 1964-இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் வந்து நிக்கோபாரின் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது, அவர்களின் பிள்ளைகள் தீவுப் பிள்ளைகளாகப் படிக்க முடிந்தது. ஒரே கடலைத் தாண்டி வந்த இரு கூட்டத்தாரில் ஒரு கூட்டத்தின் பட்டத்துக்கு மதிப்பிருக்கிறது, மற்றதுக்குப் பாதி மதிப்புதான். படிப்பின் மலிவைப் பேசும்போது படித்து முடித்த பின் அந்தப் பட்டம் எங்கே செல்லும் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

செய்ய வேண்டியது அரசுகளின் பக்கமும் இருக்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்ற நிபந்தனை, தமிழ்நாட்டில் நிலைத்திருப்பவர்களுக்குச் சரி. கூலிக்காக வெளியே போய், அங்கும் அரசுப் பள்ளியிலேயே படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அது அநீதி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளுக்கு ஏற்பக் கட்டணச் சலுகையையாவது பகுதியாகத் தரலாம். வெளிமாநிலத் தமிழர்களுக்கும் சேர்த்தே அயலகத் தமிழர் நலவாரியம் இயங்குகிறது. இந்தக் கோரிக்கையை அங்கே கொண்டுபோக வேண்டியவர்கள் தீவுத் தமிழர்களே. அந்தமான் நிர்வாகம் தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே உள்ளூர்த் தகுதிக்கான நிபந்தனைகளைத் தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் அச்சிட்டுக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை. போர்ட் பிளேயரில் இருக்கும் தமிழர் சங்கங்கள் விழா எடுப்பதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கைச் சான்றிதழ் முகாமுக்குக் காட்டினால் ஆண்டுதோறும் பல வீடுகளின் கடன் குறையும்.

சிப்பிகாட்டிலோ தீவின் வேறெந்தக் கிராமத்திலோ எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் ஊருக்குப் போகும்போது தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இருப்பிடச் சான்று, மத்திய அரசு வடிவத்தில் சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகிய மூன்றுக்கும் என்னென்ன ஆவணம் கேட்கிறார்கள் என்று எழுதி வாங்கி வாருங்கள். கிடைப்பதை அப்போதே வாங்கிவிடுங்கள். பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் ஜே.இ.இ. மெயினுக்குத் தயாராகச் சொல்லுங்கள், காரைக்கால் கழகத்தை விருப்பப் பட்டியலின் மேலே வைக்கச் சொல்லுங்கள். கல்லூரித் தரகர் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன் இவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.